அண்ணன் கழுத்தில் நான் போட்ட கோடு

என் அண்ணன் கழுத்தில் ஆஸ்பத்திரியில் போட்டு அனுப்பிய கோட்டை நான் அழித்தேன். அழித்த இடத்தில் என் கையாலேயே வேறு கோடு போட்டேன். இடம் தவறிப் போட்டேன். தவறியது தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். இனி நான் சொல்லப்போவது எப்படி என்பதை மட்டும். ஏன் என்று கேட்டால்... அது எனக்கே முழுக்கப் பிடிபடவில்லை.

நான் ஓரிடத்தில் தங்குகிறவன் அல்ல. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். குண்டக்கல்லில் ஓட்டலில் மாவாட்டினேன். ஹூப்ளியில் லாரி கழுவினேன். பம்பாயில் மூட்டை தூக்கினேன். சில நாள் பட்டினி, சில நாள் காய்ச்சல். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஊர் சலித்தால் ரயில் ஏறுவேன். அந்தச் சுதந்திரம் ஒன்றுதான் என் சொத்து.

அண்ணன் கன்னியப்பன் எனக்கு நேர்மாறு. பெரிய காஞ்சிபுரத்தை விட்டு அவர் நகர்ந்ததில்லை. பட்டு நூலுக்குச் சாயம் போடுவது தொழில். வீட்டின் பின்கட்டில் அடுப்பும் அண்டாவும். வாயில் எப்போதும் புகையிலை.

ஆட்சி மாறிய வருஷம் அண்ணியிடமிருந்து பம்பாய்க்குக் கடிதம் வந்தது. அண்ணனுக்குத் தொண்டையில் புற்று, ஆறு மாதம் தாங்கினால் அதிகம் என்கிறார்கள், உடனே வரவும்.

புற்று என்றால் ஆறு மாதம். அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். நானும் அதை நம்பித்தான் வந்தேன். நீங்கள் என்னைக் கேவலமாக நினைத்தாலும் சொல்லிவிடுகிறேன்: அண்ணனை அனுப்பிவைத்துவிட்டு மறுபடியும் ரயில் ஏறிவிடலாம் என்றுதான் வந்தேன்.

அவர் போகவில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள்; கதிர் பாய்ச்சுவதைத்தான் அப்படிச் சொல்வோம். கட்டி கரைந்தது. புகையிலையை விட்டார். கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு வந்தார், பிறகு இட்லிக்கு. ஒரு வருஷம் போயிற்று. இரண்டு, மூன்று... மாதம் ஒருமுறை அண்ணியும் அவரும் பஸ் ஏறிப் பட்டணம் போய்க் காட்டிவிட்டு வருவார்கள். நான் அண்டாவோடு கிடந்தேன்.

தெருவில் உண்மையைச் சொல்லவில்லை. தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவைத்திருந்தோம். புற்று என்று தெரிந்தால் எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். சாயம் போட நூல் கொடுக்கக்கூட யோசிப்பார்கள். அண்ணி கண் இமைக்காமல் அந்தப் பொய்யைச் சொல்வார். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

தெருவுக்கு இவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறவர்கள் எனக்குச் சொல்லமாட்டார்களா?

அந்தக் கேள்வி எந்த நாளில் என்னுள் நுழைந்தது என்று தெரியவில்லை. நுழைந்தபின் போகவில்லை. நானும் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். அண்டாவை யார் பார்த்துக்கொள்வது என்றார் அண்ணி. நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அண்ணன் எத்தனை இட்லி தின்கிறார் என்று கவனித்தேன். இருமும் முன் நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்க்கிறாரா என்றும் கவனித்தேன். வெட்கக்கேடு! ஆனால் கவனித்தேன்.

ஒருநாள் நூலை உலர்த்திவிட்டு உள்ளே வரும்போது, அண்ணன் அண்ணியிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"அவன் எங்க போவப் போறான்? எனக்கு நோவு இருக்கற வரிக்கும் இங்கதான் இருப்பான். அதுவும் ஒரு வகையில நல்லதுதாம்மா. ஒரு பொண்ணையும் பாத்துக் கட்டி வச்சிட்டோம்னு வச்சிக்கோ..."

அண்ணி சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நோய் இல்லை, கயிறு! என்னைக் கட்டிப்போட இருவரும் சேர்ந்து திரித்த கயிறு! அப்படித்தான் நினைத்தேன்.

நான்காம் வருஷம், கட்டி திரும்ப வந்திருக்கிறது என்றார்கள். மறுபடியும் கரண்ட். திங்கள் முதல் சனி வரை ஆஸ்பத்திரியிலேயே படுக்கை. சனி மாலை வீட்டுக்கு வந்து திங்கள் விடியலில் திரும்பிப் போவார்கள். முதல் வாரம் வந்தபோது அண்ணன் கழுத்தைச் சுற்றித் துண்டு. அதை விலக்கிக் காட்டினார். இடது காதுக்குக் கீழே வயலட் மையில் ஒரு சதுரம். அந்தச் சதுரத்துக்குள்தான் கரண்ட் வைப்பார்களாம். தண்ணீர் படக் கூடாது, அழியக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

நான் பார்த்தது சதுரத்தை அல்ல, நிறத்தை. எங்கள் பின்கட்டு டப்பாவில் இருக்கிற அதே வயலட்! வருஷக்கணக்காக அதில் கை நனைத்தவனுக்குத் தெரியாதா?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாயம் நிற்குமா, ஓடுமா என்று சந்தேகம் வந்தால் வெள்ளைத் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நூலின்மேல் தேய்ப்போம். துணியில் ஏறினால் அது நம்பக் கூடாத சாயம். ஆஸ்பத்திரிக்காரன் அழியக் கூடாது என்று போட்ட கோடு சோப்புக்கு அழியுமா? அழிந்தால் அது வீட்டில் போட்ட கோடு. இப்படி யோசித்தேன். நூலுக்கு இருக்கிற நியாயம் மனிதத் தோலுக்கும் இருக்கும் என்று நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாத்திரை போட்டுக்கொண்டு அண்ணன் வலப்பக்கம் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அண்ணி குடத்தோடு தெருக் குழாய்க்குப் போயிருந்தார். துணியை நனைத்துக்கொண்டு போய்த் தேய்த்தேன். துணி வயலட்டாயிற்று!

அந்தக் கணத்தில் எனக்கு வந்தது சந்தோஷம். நான்கு வருஷத்துப் பொய் கையும் களவுமாகப் பிடிபட்ட சந்தோஷம். மிச்சக் கோடுகளையும் அழுத்தித் தேய்த்தேன். அப்போதுதான் விரலுக்கு அடியில் அது தட்டுப்பட்டது. தோலுக்குக் கீழே, கொட்டைப்பாக்கு அளவில், கல்லைப்போல... அழுத்தியும் அசையவில்லை.

நான்கு வருஷத்தில் அன்றைக்குத்தான் அதை முதல்முறையாகத் தொட்டேன்.

அப்போதே அவரை எழுப்பியிருக்கலாம். தப்பு செய்துவிட்டேன், நாளைக்கு டாக்டரிடம் சொல்லி வேறு கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம்! ஆனால் ஏன் அழித்தாய் என்று கேட்பாரே. அதற்கு என்ன பதில் சொல்வது? உங்களைப் பொய்யன் என்று நினைத்தேன் என்றா?

டப்பாவிலிருந்து வயலட்டைக் குழைத்தேன். ஈர்க்குச்சியால் சதுரம் போட்டேன். கை நடுங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நேராகத்தான் போட்டேன்.

அண்ணி திரும்பி வந்து அவரை எழுப்பினார். அவர் எழுந்து உட்கார்ந்து தலையை நிமிர்த்தினார். சதுரம் கீழே இறங்கியது... தலையணையில் திரும்பியிருந்த கழுத்தில் நான் போட்டிருந்தேன். நிமிர்ந்ததும் தோலோடு அதுவும் நகர்ந்துவிட்டது. முன்பு இருந்த இடத்துக்கு இரண்டு விரல் கீழே நின்றது. நான் பார்த்தேன். அண்ணி பார்க்கவில்லை.

திங்கள் விடியலில் அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவ்வளவு கூட்டம். கோடு எங்கே என்று படம் போட்டிருந்த பழைய சீட்டை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. கோடு மங்க மங்க, என் கோட்டின் மேலேயே மை தீட்டியிருக்கிறார்கள். பாக்கி நாலு வாரமும் என் சதுரத்துக்குள்தான் கரண்ட் வைத்தார்கள்.

அதன்பின் நான் எல்லோரையும் சந்தேகித்தேன், வேறு காரணத்துக்காக. துணி துவைக்கும்போது அண்ணி ஏன் அந்த வெள்ளைத் துணியை உற்றுப் பார்த்தார்? அண்ணன் ஏன் கண்ணாடிமுன் அவ்வளவு நேரம் நின்றார்? கேட்பார்கள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. தம்பி கிடைத்தால் இப்படிக் கிடைக்க வேண்டும் என்று தெருவே சொன்னது. ரயில் ஏறும் எண்ணம் என்னை விட்டுப் போயிற்று.

மூன்று வருஷம் கழித்துக் காதை ஒட்டி மறுபடியும் வீங்கியது. குரல் காற்றாகப் போயிற்று. அண்ணிக்கு முழங்கால் வலி. அந்த முறை நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புதிதாக வந்திருந்த டாக்டர் பழைய சீட்டையும் அண்ணன் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சீட்டில் இருக்கிற படம் காதுக்குக் கீழே. கழுத்தில் தோல் கருத்திருக்கிற சதுரமோ இன்னும் கீழே.

"இந்த இடத்துல யாருய்யா கோடு போட்டது?" என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பாமலே காற்றுக் குரலில் பதில் சொன்னார்.

"நான்தான் சார். குளிக்கசொல்ல அழிஞ்சிட்ச்சு. திட்டுவீங்கன்னு நானே போட்டுக்கினேன்."

"நீ என்ன டாக்டரா?"

"சாயக்காரன் சார்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகம் மாறிவிட்டது. அதனால்தான் திரும்ப வந்தது என்று சொல்ல முடியாது, அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். சொல்லிவிட்டுச் சீட்டில் ஏதோ எழுதினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாய் எனக்கும் இருந்தது.

வெளியே வந்து மோர் வாங்கிக் கொடுத்தேன். அவர் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினார். வீட்டில் அண்ணியிடம் அவர் கோட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கவே இல்லையா? விழித்துக்கொண்டே, என் கை சரியான இடத்தில்தான் போடும் என்று நம்பிக் கிடந்தாரா? அல்லது பிறகு கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொண்டும், என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் தினமும் போய்ப் படுத்தாரா? டாக்டரிடம் அப்படிச் சொன்னது அன்பா? இல்லை, இனி இவன் எங்கும் போகமாட்டான் என்று தெரிந்து சொன்னதா? பாருங்கள்... இவ்வளவுக்குப் பிறகும் என் புத்தி அங்கேதான் போகிறது!

கடிதம் வந்து இது ஒன்பதாவது வருஷம். அண்ணன் இருக்கிறார். காதோரத்துப் புண்ணைத் தினமும் காலையில் நான்தான் கழுவுகிறேன். வெந்நீரோடு நான் போனதும் மோவாயைத் தூக்கிக் கழுத்தைக் காட்டுகிறார். கண்ணை மூடிக்கொள்வதில்லை, என்னையே பார்க்கிறார். அவருக்கு இன்னும் இரண்டு மூன்று வார்த்தை பேசும் அளவுக்குக் குரல் இருக்கிறது.

கேட்டால் சொல்லிவிடுவார். அதனால்தான் கேட்கவில்லை.