துரைசானியின் பையில் தீப்பெட்டி

அவளை நாங்கள் துரைசானி என்றுதான் கூப்பிடுவோம். கூரை வீடு, கிழிந்த பாவாடை, கால் முழுக்கச் சேறு, ஆனாலும் துரைசானிதான். எங்கள் பாகூர் பிரெஞ்சுக்காரன் ராஜ்யம். வாய்க்காலுக்கு அந்தப்புறம் இருந்த அவள் ஊர் இங்கிலீஷ்காரன் ராஜ்யம். தினமும் எல்லை தாண்டி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவாள். "துரைசானி, உங்க வூட்ல இன்னிக்கி இன்னா, கூழா பிஸ்கோத்தா?" என்பாள் என் அக்கா. எல்லோரும் சிரிப்போம். அவள் வாயே திறக்க மாட்டாள். அதுதான் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் பக்கம் தீப்பெட்டி மலிவு. வரி கட்டாமல் அந்தப் பக்கம் கொண்டுபோனால் குற்றம். வாய்க்கால் மதகடியில் இங்கிலீஷ் சுங்கச் சேவகன் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவர் மூட்டையைக் குடைவான். ஒருநாள் அப்பாவின் கடையிலிருந்து ஒரு கட்டுத் தீப்பெட்டியை அக்கா எடுத்துவந்தாள். துரைசானி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அதை அவள் பையின் அடியில் திணித்தது சாட்சாத் நான்தான். சாயங்காலம் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனோம்.

சேவகன் பையைக் கவிழ்த்தான். சிலேட்டோடு கட்டும் பொத்தென்று விழுந்தது. நாலு திட்டு திட்டுவான், அழுவாள் என்றுதான் நினைத்திருந்தோம். ஐயோ, அவன் பிரம்பை அல்லவா எடுத்தான்! "யாரு குடுத்தா, சொல்லுடி!" முதல் அடியிலேயே அவள் சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

பக்கத்து வயலில் நாற்று சுமந்துகொண்டிருந்த அவள் அப்பா சுமையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். மகளைப் பார்த்தார். தீப்பெட்டிக் கட்டைப் பார்த்தார்.

"கொழந்தைய வுட்டுடுங்க சாமி. நான்தான் வாங்கியாரச் சொன்னேன்."

அவர் துண்டாலேயே அவர் கையைக் கட்டிச் சேவகன் இழுத்துப்போனான். "இல்ல சாமி, எங்கப்பா சொல்லல!" என்று அவள் அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கு வரவே இல்லை.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "நாமதானக்கா வச்சோம்?" என்றேன்.

"அவ அப்பனே ஒத்துக்கினான். அப்புறம் இன்னாடி?" என்றாள் அக்கா.

யோசித்துப் பார்த்தேன். பெரியவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள். அதிலும் அடி வாங்குவதற்கென்று ஒருவர் பொய் சொல்வாரா? அப்படியானால் விழுந்தது அவர் வாங்கிவரச் சொன்ன கட்டுதான். நான் வைத்தது பைக்குள்ளேயே எங்கோ தங்கிவிட்டிருக்கும். அப்பாடா என்று இருந்தது. அன்று இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.