"ஒரே பேரு போதும் அத்தே"

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டில் பேத்திக்குப் பெயர் வைத்த நாள் அது.

நான் இரண்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனாலும் என் பெயரை நானே எழுதுவேன். நடவு வேலை போனபின் சிப்காட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவினேன். அங்கே காண்டிராக்டர் "ஏ ஆயா" என்று கூப்பிட்டால் திரும்பவே மாட்டேன். "எனக்குப் பேரு கீது, அதச் சொல்லிக் கூப்புடு" என்பேன். அந்த ரோஷத்தோடுதான் என் ஒரே மகனை வளர்த்தேன்.

மகனுக்கு இரும்புக் கம்பெனியில் வேலை. பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். ஆரத்தி எடுத்த கையோடு, "இந்தப் பேரெல்லாம் என் வாய்ல நுழையாது. இன்னிலேர்ந்து நீ செல்வி" என்று சொல்லிவிட்டேன். அப்போது அவளுக்குத் தமிழ் தெரியாது. தலையை ஆட்டினாள். தெருவே அவளைச் செல்வி என்றது. நாளாக நாளாக மகனும் அப்படியே கூப்பிட்டான்.

நாலாம் வருஷம் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வழக்கத்தில் வீட்டுக்கு மூத்தவள்தான் பிள்ளையின் காதில் மூன்று முறை பெயர் சொல்வாள். குலசாமி பெயரான அங்காளம்மா என்று நான் முடிவு செய்திருந்தேன்.

"இஸ்கூல்ல கிண்டல் பண்ணுவாங்கம்மா" என்றான் மகன்.

"உன்னப் பெத்தவ நானா, அவங்களா?" என்றேன்.

முப்பதாம் நாள் காலை, குழந்தையின் கைக்கு வசம்பு கோத்துக்கொண்டிருந்தேன். மருமகள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளேன். வாயில கீற முத்து கொட்டிடுமா?"

"பாப்பாவுக்கு ஒரே பேரு போதும் அத்தே. எங்க ஊருக்குப் போனாலும் அதே பேரு இருக்கணும். எனக்கு ரெண்டு கீது. எங்கம்மா போன்ல கூப்புடுறப்பதான் என் பேரு எனக்கே ஞாபகம் வருது. நாளைக்கு அம்மா போய்ட்டா, அதச் சொல்ல ஆளே இல்ல."

அவள் அழவில்லை. எனக்குத்தான் ஊசி கையில் அப்படியே நின்றது. அந்தக் காண்டிராக்டர் நினைவுக்கு வந்தான். அவன் என் பெயரைச் சொல்லாமல்தான் இருந்தான். நான் இவளுடைய பெயரையே எடுத்துவிட்டேன்.

"உங்கம்மாவுக்குப் போன் போடு" என்றேன்.

போனில் முக்காடு போட்டுக்கொண்டு, என் வயசில் ஒரு அம்மா தெரிந்தாள். அவள் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவளுக்குப் புரியாது. நான் ஒரு பெயர் சொன்னேன். அவள் சொல்லிப் பார்த்துத் திணறினாள். அவள் ஒன்று சொன்னாள், எனக்கு வரவில்லை. "இன்னாம்மா, ரெண்டு பேரும் ஏலம் எடுத்துக்கினு கீறீங்களா?" என்றான் மகன். நாலைந்து பெயருக்குப் பிறகு "கமலா" என்றேன். அந்தம்மா தடங்கல் இல்லாமல் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் குவித்தாள். அங்கேயும் அது லட்சுமி பெயர்தானாம். அங்காளம்மாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

குழந்தையின் வலது காதில் நான் மூன்று முறை சொன்னேன். இடது காதில் போனை வைத்தோம். அந்தம்மா மூன்று முறை சொன்னாள்.

எல்லோரும் சாப்பிட்டுப் போனபின் மருமகளிடம், "உன் பேரு இன்னா, சொல்லு" என்றேன்.

"சஸ்மிதா, அத்தே."

மூன்றாவது தடவை எனக்குச் சரியாக வந்தது. அவ்வளவு கடினமான பெயர் ஒன்றும் இல்லை. நாலு வருஷத்தில் ஒரு நாள் உட்கார்ந்து சொல்லிப் பார்த்திருந்தால் வந்திருக்கும்.

இன்றைக்கும் அவளைக் கூப்பிடும்போது சில நேரம் என் நாக்குத் தடுக்கும். அப்போதெல்லாம், பெற்றவள் வைத்த பெயரை வாசலிலேயே கழற்றிவிட்டு வரச் சொன்னவள் நான் என்பது நினைவுக்கு வந்து, நிறுத்தி, முழுப் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுகிறேன்.