இரண்டு தாளிலும் ஒரே வீடு

மேசையில் எங்கள் விடைத்தாள்கள் இரண்டும் அருகருகே விரித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று என்னுடையது, மற்றது அண்ணையுடையது. இரண்டிலும் ஒரே பந்தியின் கீழே பச்சை மையால் கோடு இழுத்திருந்தது. உயிரியல் ஆசிரியை அந்தப் பந்தியை முதலில் என் தாளிலிருந்து வாசித்தார், பிறகு அண்ணையின் தாளிலிருந்து வாசித்தார். இதயம் என்பது இரண்டு சகோதரர்கள் சண்டைபிடித்து நடுவில் சுவர் எழுப்பிக்கொண்ட வீடு. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவதற்குச் சுவரைத் தாண்ட முடியாது. வெளியே இறங்கி, நுரையீரல் என்ற ஒழுங்கையால், அந்தச் சந்துத் தெருவால் சுற்றித்தான் வரவேண்டும். எங்கள் ஜெர்மன் மொழியில் பிழைகள் மட்டும்தான் ஆளுக்கு ஆள் வேறுபட்டிருந்தன. சகோதரர்கள் அதே சகோதரர்கள், சுவர் அதே சுவர். கல்லூரித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கேள்வி எங்களுக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அண்ணை சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணை என்று நான் சொல்வது என் உடன்பிறந்தவரை அல்ல. இலங்கையில் எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி மேற்கு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த எத்தனையோ பேரில் அவரும் ஒருவர், நானும் ஒருத்தி. நான் அக்கா குடும்பத்தோடு அகதி விடுதியின் மேல்மாடியில் ஓர் அறையில் இருந்தேன். அவர் கீழே வேறு இளைஞர்களோடு இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், மெலிந்த உயரமான மனிதர், எந்தக் கதவைக் கண்டாலும் அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் போகமாட்டார். விடுதியின் கொதிகலன் அறைக்குள் புகுந்து காவலாளியிடம் ஏச்சு வாங்கியவர் அவர். ஏச்சு வாங்கிய பிறகும் அந்தத் தண்ணீர் எப்படி நாலாம் மாடிக்கு ஏறுகிறது என்று அதே காவலாளியிடம் கேட்டு அறிந்துகொண்டுதான் வெளியே வந்தார்.

நாங்கள் ஊரில் எழுதிய உயர்தரப் பரீட்சையை இங்குள்ள பல்கலைக்கழகங்கள் நேராக ஏற்றுக்கொள்வதில்லை. முதலில் ஒரு வருடம் ஆயத்தக் கல்லூரியில் படிக்கவேண்டும். ஸ்டூடியன்கொலேக் என்பார்கள். மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அங்கே தனி வகுப்பு. உயிரியல், இரசாயனம், பௌதிகம், அவற்றோடு மலைபோல ஜெர்மன் மொழி. முடிவுப் பரீட்சையில் தேறினால்தான் மருத்துவபீடத்துக்கு விண்ணப்பம் போடலாம். தவறினால் இன்னொரு தரம் எழுதலாம், அதற்குமேல் இல்லை. அகதி விண்ணப்பம் முடிவாகாத எங்களைச் சேர்க்கலாமா என்று அலுவலகத்துக்கு அலுவலகம் வேறு வேறு பதில் சொன்னார்கள். எப்படியோ நாங்கள் இருவரும் உள்ளே நுழைந்துவிட்டோம். எனக்கு அது முதல் தரம். அண்ணைக்கு இரண்டாவது. முந்தைய வருடம் ஜெர்மன் மொழித் தாள் அவரைக் கவிழ்த்துவிட்டிருந்தது. இந்த முறையும் போனால் இந்த நாட்டில் அவருக்கு மருத்துவம் என்ற பேச்சே கிடையாது.

ஊரிலும் அவருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. அங்கே பல்கலைக்கழகத்துக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வெட்டுப்புள்ளி. அண்ணை எடுத்த புள்ளிகளோடு வேறொரு மாவட்டத்தில் பிறந்திருந்தால் எப்போதோ டொக்டர் ஆகியிருப்பார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு அந்தப் புள்ளி போதாது. எழுதக்கூடிய தடவையெல்லாம் எழுதினார், ஒவ்வொரு தடவையும் மயிரிழையில் போனது. இதையெல்லாம் அவர் சொல்லி நான் அறிந்ததில்லை. விடுதியில் மற்றவர்கள் சொன்னார்கள். அவரிடம் அந்தப் பேச்சை எடுத்தால் கதையை வேறு பக்கம் திருப்பிவிடுவார்.

எங்களுக்கு ஊரில் வாய்த்த உயிரியல் மாஸ்டர் ஒருவரே என்பது ஒரு மாலை விடுதியின் பொதுச் சமையலறையில் தெரியவந்தது. நான் பருப்பைக் கிளறிக்கொண்டே குருதிச் சுற்றோட்டத்தை வாய்ப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அண்ணை நான் மூச்செடுக்க நிறுத்திய இடத்தில் அடுத்த வரியைச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த நீளக் கொட்டிலில், ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமுமாக நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்து இருக்க, உயிரியல் நோட்ஸ் சொல்லிக்கொடுத்தவர் அந்த மாஸ்டர். அண்ணை அங்கே படித்துப் பல வருடம் கழித்து நான் படித்தேன். நோட்ஸில் ஒரு காற்புள்ளிகூட மாறியிருக்கவில்லை. காணி வழக்கும் வேலிச் சண்டையும் இல்லாத குடும்பம் யாழ்ப்பாணத்தில் அரிது என்பதால் இதயத்துக்கு அந்த இரண்டு சகோதரர்களைப் பிடித்துப் போட்டிருந்தார். ஒரு தரம் கேட்டால் சாகும்வரை மறக்காது.

ஆனால் அண்ணை அந்தக் கொட்டிலில் நல்ல பெயர் எடுத்த மாணவர் அல்ல. கேள்வி கேட்பவர். "சேர், அப்ப பிறக்கமுந்தி பிள்ளை மூச்சே எடுக்கிறேல்லையே, பிறகேன் இரத்தம் ஒழுங்கையாலை சுத்தவேணும்?" என்று ஒருநாள் எழுந்து கேட்டிருக்கிறார். மாஸ்டர் சுண்ணக்கட்டியை மேசையில் தட்டி, "உது சோதினைக்கு வராது. இரும்" என்றாராம். எங்கள் தலைமுறையின் படிப்பு முழுவதையும் அந்த வசனத்துக்குள் அடக்கிவிடலாம். நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள். அண்ணை உட்கார்ந்தாரே தவிர, கேள்வி உட்காரவில்லை.

பரீட்சைக்குச் சில வாரங்கள் இருந்தபோது அவர் இறைச்சிக்கடையில் ஒரு பன்றி இதயம் வாங்கி வந்தார். சமையலறை மேசையில் பேப்பர் விரித்து, கத்தியோடு உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை வேறு. அக்கா வாசலில் நின்றே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி, உதை எங்கட சட்டிக்குள்ளை கிட்டிக்குள்ளை வைச்சனீரோ?"

"இல்லை அக்கா, பேப்பரிலைதான். கத்தியும் என்ரதான். பயப்பிடாதேங்கோ."

"பன்னியை வெட்டித்தான் டொக்டர் ஆகவேணுமோ? எங்கட ஊர் டொக்டர்மார் ஆர் பன்னி வெட்டினவை?"

அக்கா போனதும் என்னைக் கூப்பிட்டார். மேலறைகள் இரண்டையும் பிரிக்கும் சுவரை விரலால் விரித்து மின்குமிழுக்கு நேரே பிடித்தார். "இஞ்சை பாரும் தங்கச்சி. மாஸ்டரின்ர மதிலிலை ஒரு இடம் மெல்லிசாக் கிடக்கு." உண்மைதான். பெருவிரல் அமர்த்திய தடம்போல ஒரு சிறு பள்ளம், அதனூடாக வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது. அது என்ன என்று அறிய அடுத்த நாட்களை அவர் நகர நூலகத்தில் கழித்தார். எனக்கோ கோபமாக வந்தது. "அண்ணை, போன முறை உங்களைக் கவிழ்த்தது ஜெர்மன். அதைப் படியுங்கோவன்" என்றேன். "படிக்கிறன், படிக்கிறன். நூலகத்திலை தமிழிலையே புத்தகம் கிடக்கு? எல்லாம் ஜெர்மன்தானே" என்று சிரித்தார். அந்த மனிதருக்காக நான் பயந்த அளவு எனக்காகப் பயந்ததில்லை.

பரீட்சையில் இதயம் வந்தது. மண்டபத்தில் நான் சன்னலோரம், அவர் மறுகோடியில் கதவோரம். பார்த்து எழுதினோம் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் கேள்வி கசிந்து, யாரோ எழுதிக்கொடுத்த விடையை இருவரும் மனனம் செய்தோம் என்று சந்தேகப்பட்டார்கள். அப்படி முடிவானால் இரண்டு தாளும் செல்லாது. எனக்கு இன்னொரு தரம் இருந்தது. அவருக்கு இல்லை.

அண்ணை தன் ஜெர்மன் மொழியில் விளக்கினார். ஊரில் ஒரு மாஸ்டர், ஒரு கொட்டில், எல்லாருக்கும் ஒரே நோட்ஸ், எல்லாரும் மனப்பாடம். தலைவர் நம்பவில்லை. ஒரு முழு ஊரே ஒரே வசனத்தில் இதயத்தைப் படித்தது என்று சொன்னால் நானாக இருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன். அப்போது என் வாயிலிருந்து எப்படி வந்ததோ தெரியாது, எங்களைத் தனித்தனியே தமிழில் சொல்லச்சொல்லிக் கேளுங்கள் என்றேன். தமிழ் எங்களுக்கு விளங்காதே என்றார் தலைவர். ஆசிரியைதான் நிமிர்ந்து பார்த்து, விளங்கவேண்டியதில்லை, காது போதும் என்றார்.

மொழிப் பயிற்சிக்கு வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்தார்கள். அண்ணையைக் காது கேளாத தூரத்துக்கு, வெளியே நடையின் அடுத்த கோடிக்கு அனுப்பிவிட்டு என்னைச் சொல்லவைத்தார்கள். மாஸ்டரின் கொட்டிலில் பழகியது போலவே கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். பிறகு நான் வாய் திறக்காமல் மூலையில் இருக்க, அண்ணை வந்து சொன்னார். அவர் முடித்ததும் என் குரலை ஓடவிட்டார்கள். அதே ஏற்றம், அதே இறக்கம், அதே இடத்தில் மூச்சு. அதுமட்டுமல்ல, மாஸ்டர் சொல்லச்சொல்ல நாங்கள் எழுதியதால் அவருடைய "கமா போடுங்கோ", "அடுத்த பந்தி" எல்லாம் பாடத்தோடு பாடமாக எங்களுக்குள் இறங்கியிருந்தன. "கமா" என்ற சொல் ஜெர்மன்காரருக்கும் தெரியும். இரண்டு குரலிலும் ஒரே இடங்களில் அது வந்து விழ, தலைவர் மேசையில் கைவைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

ஆசிரியை சிரிக்கவில்லை. நீங்கள் ஏமாற்றவில்லை, அது தெளிவு என்றார். ஆனால் இது உங்கள் மாஸ்டரின் விடை. அவருக்குப் புள்ளி போட எனக்கு அதிகாரம் இல்லை. அவர் சொல்லாத ஒன்றை இதயத்தைப்பற்றி ஆளுக்கொன்று சொல்லுங்கள், அதை வைத்து முடிவு செய்கிறேன் என்றார். நான் இங்கத்தைய பாடப்புத்தகத்திலிருந்து இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப்பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினார், போதும் என்ற தலையாட்டல். பிறகு அண்ணையைப் பார்த்தார்.

அண்ணை கரும்பலகைக்குப் போய் வீட்டை வரைந்தார். நடுவே சுவர். சுவரில் ஒரு சின்ன ஓட்டை. எங்கள் ஊர் வேலிகளில் பொட்டு என்று ஒன்று உண்டு, ஆள் குனிந்து நுழையும் இடைவெளி. அதற்கு ஜெர்மனில் சொல் தெரியாமல் கையாலும் காலாலும் விளக்கினார். இரண்டு வீட்டாரும் நீதிமன்றத்தில் வழக்காடுவார்கள், பொட்டுக்குள்ளால் கறிக்கிண்ணம் போய்வரும் என்றார். பிறக்காத பிள்ளைக்கு மூச்சு இல்லை, ஒழுங்கையில் அலுவல் இல்லை, அதனால் இரத்தம் பொட்டுக்குள்ளால் போகிறது. பிள்ளை பிறந்து முதல் அழுகை அழும்போது நுரையீரல் விரிகிறது, மறுபக்கம் அழுத்தம் கூடுகிறது, கதவுபோல ஒரு சவ்வு வந்து பொட்டை மூடிவிடுகிறது. பன்றியில் அந்தத் தழும்பைக் கண்ணால் கண்டேன் என்றார். வினைச்சொல் எல்லாம் இடம்மாறித் தலைகீழாக நின்ற ஜெர்மன்தான்.

எல்லாருக்கும் அது முழுதாக மூடிவிடுமா என்று ஆசிரியை கேட்டார். அண்ணை சுண்ணக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். தெரியாது, அதை அறியத்தான் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறேன் என்றார். ஆசிரியை எங்களை வெளியே இருக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வந்து, இரண்டு தாளும் செல்லும், உயிரியலில் இருவரும் தேறிவிட்டீர்கள், மற்றப் பாடங்களில் பிரச்சினை இல்லை என்று சொல்லிக் கைகொடுத்தார். அண்ணையிடம், ஜெர்மனிலும்தான் என்று தனியாக அழுத்திச் சொன்னார்.

இப்போது இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் மருத்துவபீடத்துக்கு வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி கணினியில் விண்ணப்பிக்கிறார்கள். புதிதாக இந்தியாவிலிருந்து வரும் பிள்ளைகள் ஆயத்த வருடம் கஷ்டமா என்று என்னிடம் கேட்கிறார்கள். கஷ்டம்தான் என்கிறேன், படிப்பைப்பற்றி மட்டும் சொல்கிறேன். நான் தெற்கே ஒரு நகரத்தில் படித்துப் பிள்ளைகளுக்கான வைத்தியரானேன். அண்ணை வடக்கே போய்ப் படித்து அங்கேயே வைத்தியராக இருந்து அண்மையில்தான் ஓய்வுபெற்றார். அந்தப் பொட்டு பலருக்கு முழுதாக மூடாமலே இருக்கிறது என்று மருத்துவபீடத்தில் முதல்வருடமே எனக்குத் தொலைபேசியில் சொன்னார். ஒரு புதையலைக் கண்டவர் குரல் அது. ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்தக் குரல் அல்ல.

அன்று கல்லூரியை விட்டு வெளியே வந்து டிராம் தரிப்பிடத்தில் நின்றோம். நான் அக்காவுக்கு என்ன சொல்வது, எந்த நகரத்துக்கு விண்ணப்பிப்பது என்று ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவர் வாங்குப் பலகையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. பக்கத்தில் நின்ற ஜெர்மன் கிழவி ஒருத்தி பதறிப்போய்த் தன் கைக்குட்டையை நீட்டினாள். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அண்ணை, பாஸ் பண்ணீட்டியள் அண்ணை. ஏன் அழுறியள்?" என்றேன். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்து நின்ற டிராமைப் பார்த்தபடி சொன்னார்:

"இந்த முறை ஒருத்தரும் எந்த மாவட்டம் எண்டு கேக்கேல்லை, தங்கச்சி."

அந்த டிராமில் நாங்கள் ஏறவில்லை.