பக்கத்து வீட்டுக்காரி என்று சொன்னேன்

என் துணி தேய்ப்பு வண்டிக்காக அடித்த நோட்டீஸ் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது. வெள்ளி நிறம். என் மதினியின் விரல். அண்ணன் மனைவியான அவள் சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து அடைத்துக்கொண்டிருந்தாள். அலுமினியப் பொடி நகக்கண்ணில் ஏறிவிட்டால் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமைகூட அவள் கை மினுங்கிக்கொண்டுதான் இருக்கும்.

இளைப்பு வந்து நான் தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டிருந்த சமயம் அது. "ஏ புள்ள, இப்பிடி மூச்ச இழுத்துக்கிட்டு எம்புட்டு நாளைக்குப் படுத்தே கெடப்பே? தேய்ப்பு வண்டி போடு" என்றாள். வண்டி நிறுத்த வேப்பமரத்தடியில் இடம் கேட்டு வாங்கியவளும் அவள்தான். நோட்டீஸுக்கும் அவளே வழி செய்தாள். நிறம் பிசகிப்போன பட்டாசு லேபிள் தாள்களை அச்சாபீசில் கழித்துப் போடுவார்கள். அதில் ஒரு கட்டு கேட்டு வாங்கி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் என் விளம்பரத்தை அடித்துக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் மூக்கில்லாத குருவி. மறுபக்கம் 'துணிகள் நேர்த்தியாகத் தேய்த்துத் தரப்படும்'. நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காத புள்ள. குருவிக்காகவாச்சும் பிள்ளைக கிழிக்காம வச்சிருக்கும்" என்றாள்.

வாரத்தில் அவளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிறு. அதையும் எனக்காக விட்டுவிட்டு, கடைக்காரர்கள் குடியிருக்கும் தெருவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஆண்களெல்லாம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒரு வீடு அமைந்தால் தெருவே அமைந்த மாதிரி. வாசலில் நின்று பேசியது முழுக்க அவள். எனக்குச் சண்டை போடத்தான் வாய் வரும், ஒன்றைக் கேட்டு வாங்க வராது.

பெரிய வீட்டம்மா ஒருவர் நோட்டீஸை வாங்கினார். தடத்தைப் பார்த்தார். பிறகு மதினியின் கையைப் பார்த்தார். "ஏம்மா, தேய்க்கப்போறது இவுகளா? வெள்ள வேட்டியில இந்தக் கை பட்டா வெளங்குமா?" என்று என்னிடம் கேட்டார்.

'நான்தான் தேய்ப்பேன்' என்றால் போதும். அதுதான் உண்மையும்கூட. நான் அதைச் சொல்லவில்லை. "இல்லைங்கம்மா. இவுக எங்க பக்கத்து வீட்டுக்காரவுக. சும்மா தெருவக் காட்ட வந்தாக" என்றேன்.

மதினி என் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமாங்கம்மா, பக்கத்து வீடுதான். புள்ள கை சுத்தம். நம்பிக் குடுங்க" என்றாள்.

இரண்டு மூட்டைத் துணி கொடுத்தார்கள். ஒன்றை அவளிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீயே தூக்கிக்கோ. வெள்ளத் துணி" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை.

அந்தப் பெரிய வீட்டம்மாவைத் திட்டித் திட்டியே பல வருஷம் ஓட்டினேன். அது வெறும் சால்ஜாப்பு. அவர் கேட்டது வேட்டியைப் பற்றி. உறவை அறுத்தது நான். என் கையும் மருந்து ஏறிய கைதான். வேலையை விட்ட நாலு மாதத்தில் அது வெளுத்தது, எனக்குத் திமிர் வந்துவிட்டது. அவ்வளவுதான்.

இப்போது வண்டி போய்க் கடை வந்துவிட்டது. கரண்டுத் தேய்ப்புப் பெட்டி இரண்டு ஓடுகிறது. போன மாதம் மதினி மகளுக்குச் சடங்கு வைத்தார்கள். தாம்பாளத்தோடு வந்து முறையாக அழைத்தாள். மண்டபத்தில் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் நடுவே என்னைக் கொண்டுபோய் நிறுத்தினாள். "இதுதான் எங்க நாத்தனா. தேய்ப்புக் கடை வச்சிருக்கு. நல்லாத் தேய்க்கும், துணி இருந்தாக் குடுங்க" என்றாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அவர்கள் போனதும் "மதினி, அன்னைக்கு…" என்று தொடங்கினேன். "இலை போட்டாச்சு, போ புள்ள" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளை வரவேற்கப் போய்விட்டாள்.

அவள் வீட்டுத் துணி ஒன்றுகூட இதுவரை என் கடைக்கு வந்ததில்லை. அன்று அவள் கட்டியிருந்த பட்டுச்சேலையில், பாய்க்கடியில் மடித்து வைத்துப் படுத்தெழுந்த மடிப்பு அப்படியே தெரிந்தது. அந்தப் பெரிய வீட்டு வேட்டிகள் மட்டும் திங்கள்தோறும் தவறாமல் வருகின்றன. வாங்கித் தேய்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.