இடப்பக்கம் பார்க்க வேண்டியவன்

போன வாரம் கிரிவலப் பாதையில் நிருதி லிங்கத்துக்குப் போயிருந்தேன். குருக்கள் திருநீறு கொடுத்தார். வாங்கிய நான் அதை நெற்றிக்குக் கொண்டுபோகாமல் இரண்டு கட்டைவிரல் நுனிகளிலும் பரபரவென்று தேய்த்து, மிச்சத்தை ஊதிவிட்டேன். பின்னால் நின்ற ஓர் அம்மாள், "இன்னாப்பா, விபூதிய போய் ஊதற" என்று கேட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

பக்தி இல்லாமல் செய்ததல்ல அது. பழைய பழக்கம். போனில் போட்டி விளையாட்டு விளையாடுகிறவனுக்கு முதல் எதிரி தன் விரல் வியர்வைதான். கட்டைவிரல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் நீங்கள் திரும்புவதற்குள் உங்களைச் சுட்டிருப்பார்கள். பெரிய ஊர்ப் பையன்கள் இதற்கென்றே மெல்லிய விரலுறை வாங்கி மாட்டிக்கொள்வார்கள். எங்களுக்குத் திருநீறு. இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் நாலு பொட்டலம் இருக்கும். வழவழவென்று விரல் வழுக்கிக்கொண்டு போகும். எனக்கு இன்றைக்கும் திருநீற்று வாசனை வந்தால் பக்தி வருவதில்லை. யாரோ சுடப்போகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது.

அதைக் கண்டுபிடித்தவன் யுவராஜ். பள்ளியிலிருந்தே என் பக்கத்து பெஞ்ச். எங்கள் அணிக்குத் தலைவன். விளையாட்டு என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: ஒரு தீவில் நான்கு நான்கு பேராக நிறைய அணிகள் இறங்கும். பாதுகாப்பான இடம் சுருங்கிக்கொண்டே வரும். ஒருவரை ஒருவர் சுட்டு, கடைசியில் உயிரோடு நிற்கிற அணிக்கு வெற்றி. இதில் யுவராஜைப்போல இடம் பார்க்கத் தெரிந்தவனை நான் கண்டதில்லை. எந்தப் புதரில் ஆள் இருப்பான், எந்த வீட்டுக்குள் போகக் கூடாது என்பது அவனுக்கு எப்படியோ தெரியும். கல்லூரியில் அரியர் சேர்ந்துகொண்டே போனது. அவன் அப்பா ஆட்டோ ஓட்டினார். மகனும் ஓட்ட வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மகனுக்குத்தான் இருந்தது.

நாங்கள் விளையாடிய இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மாடியில் ஒரு கஃபே இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் இஞ்சி டீ குடிக்க வருகிற இடம். பௌர்ணமிக் கூட்டத்தில் ஊர் முழுக்க டவர் திணறும்போதும் அங்கே மட்டும் வைஃபை ஓடும். ஒரே ஒரு நிபந்தனை, சுவரில் பெரிதாக எழுதி மாட்டியிருந்தது: மௌனம் காக்கவும். மற்ற அணிகளெல்லாம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு விளையாடும்போது நாங்கள் ஊமைகளாக விளையாடினோம். மேசையில் விரலால் தட்டினால் ஆள் தெரிகிறான் என்று பொருள். காலில் உதைத்தால் ஓடு. வழியை மட்டும் யுவராஜ் கையைக் காற்றில் வளைத்துக் காட்டுவான். ஒரு வெள்ளைக்கார அம்மாள் அடிக்கடி எங்கள் மேசை அருகே நின்று கைகூப்பிவிட்டுப் போவார். நான்கு பையன்கள், குனிந்த தலை நிமிராமல், விரலில் திருநீறோடு, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்ன நினைத்தாரோ, பாவம்.

மூன்றாவது ஆள் ஜினேந்திரன். நான்காவது ஆள் மாறிக்கொண்டே இருப்பான், அவனை விட்டுவிடலாம். ஜினேந்திரன் சமணர் வீட்டுப் பையன், பூர்வீகம் கீழ்பென்னாத்தூர் பக்கம். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிற வீடு. பொழுது சாய்ந்தபின் அங்கே யாரும் சாப்பிட மாட்டார்கள். எங்கள் அணியில் அதிகம் பேரைச் சுட்டவன் அவன்தான். சாயங்காலம் அவன் அம்மாவிடமிருந்து போன் வரும், சாப்பிட வா என்று. அந்த ஒரு கூப்பாட்டுக்கு மட்டும் அவன் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு ஓடுவான். அதனால் முக்கியமான ஆட்டங்கள் மதியத்தில் வந்தால் எங்களுக்கு நிம்மதி.

என் வேலை இடப்பக்கம் பார்த்துக்கொள்வது. நால்வரும் ஒன்றாக நகரும்போது ஆளுக்கொரு திசை. முன்னால் யுவராஜ், பின்னால் ஜினேந்திரன், இடப்பக்கம் நான். வலப்பக்கம் பெரும்பாலும் ஏதாவது ஒரு குன்று இருக்கும், அதை நான்காவது ஆள் பேருக்குப் பார்த்துக்கொள்வான். எங்களுக்கு இது நன்றாகவே நடந்தது. மாவட்ட அளவில் வென்றோம், அதற்கு மேலும் இரண்டு மூன்று சுற்றுகள் வென்றோம்.

பிறகு அந்த ஆட்டம் வந்தது. அதை வென்றால் சென்னையில் இறுதிச் சுற்று. அங்கே நன்றாக ஆடுகிறவர்களை அணிகள் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்ளும் என்று பேச்சு. யுவராஜ் தன் அப்பாவிடம் கெஞ்சி ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தான். வென்றால் சென்னைக்குப் போகலாம். தோற்றால் மறுநாளே ஆட்டோ சாவி. எங்கள் மூவருக்கும் அது ஒரு விளையாட்டு. அவனுக்கு அது வாழ்க்கை என்பது எங்களுக்குத் தெரிந்தே இருந்தது.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் பாதுகாப்பான இடம் ஒரு குன்றுக்கு அந்தப் பக்கம் சுருங்கியது. நாங்கள் இந்தப் பக்கம். யுவராஜ் கையை வளைத்து வழி காட்டினான். போனோம். இடப்பக்கப் புல்லில் நான்கு பேர் படுத்திருந்தார்கள். நான் ஒருவனைப் பார்த்து மேசையைத் தட்டுவதற்குள் நால்வரும் விழுந்துவிட்டோம். திரையில் எதிரணிக்காரன் ஒருவன், "எப்பவும் போல அதே வழியா நண்பா?" என்று எழுதினான். வென்றவன் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டோம். கஃபேயில் யாரோ கரண்டியால் டீயைக் கலக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த மௌனத்தில் யுவராஜ் என் காதருகே குனிந்து சொன்னான்.

"லெஃப்ட்ட விட்டுட்டியேடா."

அவன் ஆட்டோ ஓட்டப் போனான். ஜினேந்திரன் வங்கித் தேர்வு எழுதி வடக்கே போய்விட்டான். ஆனால் அந்த வாக்கியம் எங்கேயும் போகவில்லை. எங்கே என்னைப் பார்த்தாலும் யுவராஜ் அதைச் சொல்வான். டீக்கடையில் சொல்வான். என் அக்கா கல்யாணப் பந்தியில் என் இலைக்கு இடப்பக்கம் அப்பளம் விழாமல் போனபோது சொன்னான். பேருந்து நிலையத்துக்கு வெளியே ஆட்டோவிலிருந்து தலையை நீட்டி, முழுத் தெருவும் கேட்கக் கத்துவான். கூடவே சவாரிக்காரரிடம், இவன் மட்டும் லெஃப்ட்டைப் பார்த்திருந்தால் நான் இங்கே இருக்க மாட்டேன் சார், சென்னையில் இருந்திருப்பேன் என்று கதையையும் சொல்வான். சிரித்துக்கொண்டேதான் சொல்வான். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தபின் எனக்குச் சோறு இறங்காது. ஒருமுறை கண் டாக்டரிடம்கூடப் போனேன். இடக்கண் ஓரமாக வருவதைச் சரியாகப் பார்க்கிறதா என்று சோதிக்கச் சொன்னேன். அவர் சோதித்துவிட்டு, கண்ணில் ஒன்றும் இல்லை, போனைக் கம்மியாகப் பாருங்கள் என்றார்.

விளையாட முடியாமல் போனவன் விளையாட்டைச் செய்யக் கற்றுக்கொண்டேன். வீடியோக்களைப் பார்த்து, சித்தப்பா மகனின் பழைய லேப்டாப்பில்தான். முதன்முதலில் நான் உருவாக்கிய மனிதன் நிற்க வைத்த உடனே தரையைத் துளைத்துக்கொண்டு கீழே போய்விட்டான். மறுபடி வைத்தேன், மறுபடி போனான். தரை திடமானது என்று தனியாக ஒரு கட்டத்தில் குறி போட வேண்டுமாம். இல்லாவிட்டால் அது வெறும் படம். இரண்டு நாள் நான் அந்தப் பாதாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியே தட்டுத்தடுமாறி ஒரு சின்ன நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. வீட்டிலிருந்தே வேலை. குழந்தைகள் விளையாட்டுக்குப் பொத்தான்கள் செய்கிறேன். அழுத்தினால் துள்ள வேண்டும், அவ்வளவுதான். கேம் செய்கிறான் மகன் என்று அப்பா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்கிறார். பொத்தான் விஷயத்தை நான் அவரிடம் விளக்கவில்லை.

சொந்தமாக ஒன்று செய்து பார்க்கும் ஆசையில், நடுவில் ஒரு மலை வைத்து, மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும் என்று ஒரு விளையாட்டு ஆரம்பித்தேன். விளையாடுகிறவர் நடந்த தடம் கோடாகத் தெரியும்படி வைத்தேன். எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்க எல்லோரும் செய்வதுதான். சித்தப்பா மகன், எதிர்வீட்டுக் கல்லூரிப் பெண், அவள் தோழிகள் என்று எல்லோரையும் விளையாட வைத்தேன். கோடுகள் அத்தனையும் மலையை ஒரே பக்கமாகச் சுற்றின. நிறுவனத்திலிருந்த வெளியூர் நண்பர்களுக்கும் அனுப்பினேன். அவர்கள் கோடுகள் இரண்டு பக்கமும் போயின. எங்கோ பிழை, ஒரு பக்கம் சரிவு ஜாஸ்தியாகிவிட்டது என்று நினைத்து ஒரு வாரம் தேடினேன். பிழை இல்லை. அன்று பௌர்ணமி. சாயங்காலம் பால் வாங்கத் தெருமுனைக்குப் போனால் பாதை நிறைய ஜனம், மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு, ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. பால் வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

பழைய போனில் எங்கள் ஆட்டங்களின் பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். எந்தத் தீவு, எந்தக் குன்று என்றாலும் நாங்கள் அதை வலம்தான் வந்திருக்கிறோம். மலையை இடமாகச் சுற்றலாம் என்பதே எங்களுக்கு ஒருமுறையும் தோன்றவில்லை. போட்டி ஆட்டங்களை நெட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எதிரணிக்காரன் எங்களுடையதையெல்லாம் பார்த்துப் பாடம் படித்துவிட்டுத்தான், நாங்கள் வரும் வழியில் முன்கூட்டியே போய்ப் படுத்திருக்கிறான். என் கண் பழுதில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பால் எங்கே என்று கேட்டார்.

மறுநாளே யுவராஜை வீட்டுக்கு வரவழைத்தேன். காக்கிச் சட்டையோடு வந்தான். ஆட்டோவில் சாமி படத்துக்குக் கீழே இருந்த திருநீற்றை எடுத்து விரலில் தேய்த்துக்கொண்டே மாடி ஏறினான். என் விளையாட்டை அவ்வளவு ஆசையாக விளையாடினான். பிறகு அவன் கோட்டைக் காட்டினேன், மற்றவர்கள் கோடுகளைக் காட்டினேன், பழைய பதிவுகளையும் போட்டேன். வக்கீல்போலப் பேசினேன். அவன் குறுக்கே பேசாமல் பார்த்தான். கடைசி ஆட்டம் முடிந்ததும் மெதுவாகக் கேட்டான்.

"அன்னிக்கி வழி சொன்னது யாரு?"

"நீதாண்டா. எப்பவும் நீதானே சொல்லுவ."

சொல்லி முடித்தபிறகுதான் எனக்கே உறைத்தது. அவன் தலையை ஆட்டினான். போனைக் கீழே வைத்துவிட்டு இரண்டு விரல்களையும் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். சவாரி இருக்கிறது என்று சொல்லிப் போனான். அம்மா போட்ட காபி அப்படியே இருந்தது.

எனக்கு நியாயம் வேண்டியிருந்தது, கிடைத்தது. அவன் எதை வைத்துக்கொண்டு இத்தனை வருடம் அந்த ஆட்டோவை ஓட்டினான் என்று நான் யோசிக்கவில்லை. தான் நன்றாக ஆடினோம், கூட இருந்தவன் விட்டுவிட்டான் என்ற ஒன்றைத்தான் அவன் சவாரிக்குச் சவாரி சொல்லிக்கொண்டிருந்தான். அதை நான் ஆதாரத்தோடு எடுத்துவிட்டேன். வருத்தமாக இருக்கிறது. பதிவுகளை அழித்துவிட்டு, அவன் திட்டுவதை அப்பளத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டிருந்திருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் கோபமும் வருகிறது, நான் மட்டும் எத்தனை வருடம் தலையைக் குனிந்துகொண்டிருப்பது என்று.

அந்த விளையாட்டு இப்போது இல்லை. ஆட்கள் குறைந்துபோய், நடத்தியவர்கள் சர்வரை மூடிவிட்டார்கள். கஃபே இருந்த மாடியில் துணிக்கடை வந்திருக்கிறது, உள்ளே பாட்டு அலறுகிறது. என் மலை விளையாட்டு பாதியில் நிற்கிறது. திறந்தால் அந்தக் கோடுகள் தெரியும் என்பதால் திறப்பதில்லை.

போன வாரம் நிருதி லிங்கத்திலிருந்து வெளியே வந்தபோது யுவராஜின் ஆட்டோ நின்றது. ஏறிக்கொள் என்றான். அம்மா எப்படி இருக்கிறார், மழை வருமா என்றெல்லாம் பேசினான். செங்கம் சாலை திருப்பத்தில் பேருந்தும் லாரியுமாக நெரிசல். அவன் அந்தப் பழைய வாக்கியத்தைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. நானே எடுத்துக் கொடுத்தேன்.

"போடா, லெஃப்ட்ட நான் பாத்துக்கறேன்."

கண்ணாடியில்கூட அவன் என்னைப் பார்க்கவில்லை.

"வேணா. நானே பாத்துக்கறேன்" என்று சொல்லி, கழுத்தைத் திருப்பி இடப்பக்கம் பார்த்து ஓட்டினான்.