ரோசிக்கு வந்த சம்பந்தம்

சாதி நாய்க்குட்டி விற்கிற தொழிலில் நாயால் ஒரு கரைச்சலும் வராது. வாங்க வருகிற மனிசரால்தான் வரும். கோழியோ ஆடோ, ஏதோ ஒன்றை வளர்த்து விற்கிறவர்களுக்கு நான் படும் பாடு விளங்கும். முள்ளியவளையில் எங்கள் வீட்டுச் செலவு ஓடியதே ரோசி என்ற அல்சேஷன் பெட்டையின் குட்டிகளில்தான்.

காது

ஒரு குட்டிக்குக் காது நிமிரவில்லை. மாங்குளத்தில் கடை வைத்திருப்பவர் அதைத்தான் தூக்கினார். அல்சேஷனுக்கு இது குறை, இதில் குட்டி எடுக்கக்கூடாது என்று ஒளிக்காமல் சொன்னேன். அவர் கூட வந்த மனைவியை ஒருதரம் பார்த்தார். "காது தொங்கினால் பரவாயில்லை அக்கா, சொல்லுறதைக் கேட்டால் போதும். வீட்டில நிமிர்ந்த காதோட இருக்கிற ஒருத்தரும் கேக்கிறேல்லை."

இடுப்பு

ரோசி அதே ஈற்றில் போட்ட ஒரு பெட்டைக்குட்டி பின்காலை இழுத்து நடந்தது. வவுனியாவில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்த மிருக வைத்தியர், இடுப்பு மூட்டில் பிழை, இது பரம்பரையாய் வருவது, ரோசியில் இனிக் குட்டி எடுக்கவேண்டாம் என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதேன்.

வீட்டு வாசலில் ஒருவர் காத்திருந்தார். அந்தக் குட்டியை வளர்த்துக் குட்டி எடுக்கப் போகிறாராம். நொண்டுகிறது, தரமாட்டேன் என்றேன். "அதுக்கென்ன அக்கா, குட்டி போடுறதுக்குக் கால் என்னத்துக்கு?"

மச்சான்

பக்கத்துத் தெருச் சிவநேசன் தன் கடுவன் நாயோடு வந்தார். பிழை முந்தின கடுவனில்தான் இருந்திருக்கும், இதோடு விட்டுப் பார்ப்போம் என்றார். அவருடைய கடுவனின் தகப்பனும் ரோசியின் தாயும் கூடப்பிறந்தவை. ஒரே இரத்தம், கூடவே கூடாது என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "தாய்மாமன்ர மகன் அக்கா, உரிமையுள்ள மச்சான். நானும் அப்பிடித்தான் கட்டினனான்."

ஒப்பரேசன்

கடுவனின் தாய் ஊர்நாய் என்பதால் நான் சாதி பார்த்து மறுத்தேன் என்று சிவநேசன் கடைத்தெருவில் கதைத்துத் திரிந்தார். எனக்கு அதைவிடப் பெரிய பயம் என் மனத்தை நினைத்துத்தான். இன்னும் ஒரே ஒரு ஈற்று என்று அது நச்சரித்துக்கொண்டே இருந்தது. மனம் மாறுமுன் ரோசியைக் கொண்டுபோய்க் கருப்பையை எடுப்பித்துவிட்டேன்.

வயிற்றில் தையலோடு படுத்திருந்த ரோசியைச் சிவநேசன் படலை வாசலில் நின்று பார்த்தார். "குடுக்க விருப்பமில்லையெண்டால் வாயால சொல்லியிருக்கலாம் அக்கா. அதுக்காகப் பெட்டையை மலடாக்குறதோ?"

சாதி நாய் வளர்க்கப் போய், சாதி பார்க்கிறவள் என்று பெயர் வாங்கினது இந்த வன்னியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.