ஜன்னல் வழியே ஏற்றிய பிள்ளை

"காலேஜா? காலேஜ் போயி என்னத்தட்டி கிழிச்சே? போயி ஒன் வீட்டு ஆம்பளை யாரையாவது வரச் சொல்லு" என்றார் ஸ்டேஷனில் இருந்த ஏட்டு.

எங்கள் வீட்டு ஆம்பளை அவருக்குப் பின்னால்தான் இருந்தார். என்னைப் பெற்ற ஐயா. சட்டையைக் கழற்றிச் சுவரோரம் குத்தவைத்திருந்தார்கள். வலது காதைக் கையால் பொத்தியிருந்தார்.

தொண்ணூற்றைந்தில் ஒரு முகூர்த்த நாள் அது. நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். ஐயாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் சுமை தூக்கும் வேலை. முகூர்த்த நாளில் பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு விழும், பை விழும், பிள்ளைகளும் உள்ளே போவார்கள். சீட்டுப் பிடிக்கப் பிள்ளையை விட்டுவிட்டுப் பெரியவர்கள் வாசலில் முட்டிமோதுவார்கள். இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை.

அன்றைக்கு மம்சாபுரம் போகவேண்டிய ஒரு அம்மா, தன் சின்ன மகளை ஐயாவிடம் நீட்டி, ஊர்ப் பேரைச் சொல்லாமல் ஒரு பஸ்ஸைக் கைகாட்டி ஏற்றிவிடச் சொன்னார். ஐயா நல்ல உயரம். ஏற்றினார். அந்த அம்மா கூட்டத்தைச் சுற்றி வாசலுக்கு வருவதற்குள், வேறு ஊருக்குப் போகும் அந்த பஸ் பின்னால் நகர்ந்து கிளம்பிவிட்டது. அதே இடத்தில் மம்சாபுரம் பஸ் வந்து நின்றது. அதே பஸ் என்று நினைத்து ஏறிப் பார்த்தால் பிள்ளை இல்லை.

அலறல் கேட்டுக் கூட்டம் கூடியது. கூட வந்திருந்த அந்த அம்மாவின் மாமியார் கேட்டாராம்: "அவன் கையிலயா புள்ளையக் குடுத்தே?"

நாங்கள் காலனி, அவர்கள் ஊர்த்தெரு. அந்த வருஷம் சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாம் சாதிச் சண்டை. அந்த அம்மா மாமியாரின் முகத்தைப் பார்த்தார். "நான் குடுக்கல. அவனாத்தான் பிடுங்கிட்டான்" என்றார். ஐயா பிள்ளை திருடியவர் ஆனது அந்த நிமிஷத்தில்தான்.

ஸ்டேஷனுக்குப் போனதும், ஏட்டின் தோளுக்கு மேலாக எட்டி ஐயாவிடம் கேட்டேன். "பஸ் எந்தப் பக்கம்யா போச்சு?"

"தெக்க, தாயி. போன வாரம் கல்லெறிஞ்சு கண்ணாடி போச்சே, அட்டை வச்சு அடைச்சிருப்பாகளே, அந்த வண்டி. ராஜபாளையம் வழியா செட்டியார்பட்டிக்கு நித்தம் போறது."

"சார், அப்ப புள்ளை அதுலதான் இருக்கும். ராஜபாளையத்துக்கு ஒரு போன் போட்டா விசாரிச்சிரலாம். நான் காலேஜுக்குத் தினமும் அந்த ரூட்லதான் போறேன்."

அதற்குத்தான் ஏட்டு, காலேஜ் போயி என்னத்தட்டி கிழிச்சே என்றார். பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் சிரித்தார். "ஏட்டையா, இன்ஸ்பெக்டர் சேரைத் துடைச்சுப் போடுங்க. இவிய வந்து விசாரிக்கட்டும்."

நான் அழவில்லை. அழுதிருந்தால் அவர்கள் வேலை சுலபமாகியிருக்கும். ராஜபாளையம் ரோட்டுக்கு நடந்தேன்.

அங்கே மறியல். ஊர்த்தெரு ஆட்கள் ரோட்டை அடைத்து உட்கார்ந்திருந்தார்கள். "புள்ளையக் காட்டச் சொல்லு, இல்லாட்டி அவனை வெளிய விடச் சொல்லு" என்று ஒருவர் கத்தினார். "இருட்டட்டும்லே, காலனிக்கே போயிருவோம்" என்றார் இன்னொருவர். என் அம்மாவும் தம்பியும் காலனியில்தான் இருந்தார்கள்.

மறியலுக்குத் தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள் நின்றன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. செட்டியார்பட்டி போன பஸ் திரும்பும் நேரம் இது. பிள்ளையைக் கேட்டு உட்கார்ந்தவர்கள், பிள்ளை வரும் வழியில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஓரமாகத் தாண்டப் போனேன். "ஏட்டி, எங்க போறே?" என்றான் ஒருவன்.

"ராஜபாளையத்துக்கு. நீங்கதான் பஸ்ஸை விடலையே, நடந்துதான் போகணும்."

ஜன்னலில் அட்டை அடைத்த பஸ் வரிசையின் நடுவில் நின்றது. உள்ளே, துணி மூட்டையோடு வந்த ஒரு முஸ்லிம் அம்மாவின் மடியில் அந்தக் குழந்தை முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள்.

"நீ யாரும்மா, தாயா?" என்றார் கண்டக்டர்.

"இல்ல. இவளைத் திருடிட்டதா ஸ்டேஷன்ல அடிவாங்கிட்டு இருக்காரே, அவரு மக."

"கடைசி ஸ்டாப் வரைக்கும் கேட்டேன், யாருமே எம்புள்ளைன்னு சொல்லல. ஏத்துன எடத்துலயே விட்டுருவோம்னு கூட்டியாறேன். இவனுக எதுக்கு மறிக்கானுகன்னுதான் வெளங்கல."

"இவளுக்குத்தான் அண்ணே மறிக்காக."

கண்டக்டர் பையைத் தோளில் போட்டார். "நான் தூக்கிட்டு வாரேன். நீ தூக்கிட்டுப் போனா வம்பாயிரும்."

"நான்தான் தூக்குவேன். நீங்க நடந்ததைச் சொல்ல வாங்க."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நடந்தேன். ஓரமாகப் போக எனக்கு மனசில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒரு ஆள் கையை நீட்டினார், கொடுக்கவில்லை. புளியமரத்தடியில் தலைவிரிகோலமாகக் கிடந்த தாயிடம் போய்க் கொடுத்தேன். என் வேர்வை பட்ட பிள்ளையை அவர் அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அக்கா, காலையில இவளை எங்க ஐயா கையில குடுத்தது யாரு?"

ஊர்த்தெருப் பெண்ணைக் காலனிக்காரி நான் 'அம்மா' என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அவர் பிள்ளையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். மாமியார்தான் பேசினார். "புள்ளை கெடைச்சிருச்சுல்ல. பொறவு என்ன பேச்சு, கெளம்பு."

ஸ்டேஷனில் கண்டக்டர் நடந்ததைச் சொன்ன பிறகும் ஏட்டுக்கு அதே பேச்சு. "கெடைச்சிருச்சுல்ல, கூட்டிட்டுப் போ." ஐயாவின் சட்டை தரையில் வந்து விழுந்தது.

"எங்க ஐயா திருடலைன்னு யாரு சொல்லுவா?"

"ஏன், ஊர் பூரா தண்டோரா போடணுமோ?"

"விட்டுரு தாயி" என்றார் ஐயா. நான் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். செவிப்பறை கிழிந்திருந்தது. யார் அடித்தது என்று டாக்டர் கேட்டபோது ஐயா தலையைக் குனிந்தார். ஏட்டு என்று நான் சொன்னேன், எழுதச் சொன்னேன்.

பிள்ளை கிடைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கேட்கலாம். "மறியல் பண்ணவும் பயந்துபோயி மக கையில குடுத்து அனுப்பிட்டான்" என்பதுதான் அங்கே இன்றைக்கும் கதை. ஐயாவிடம் பிள்ளையை ஏற்றிவிடச் சொல்லி யாரும் நீட்டுவதில்லை. அவரும் ஜன்னல் பக்கம் போவதில்லை. பிள்ளையை நீட்டியது யார் என்று ஊர்த்தெருவில் தெரிந்தவர் அந்தத் தாய் ஒருவர்தான், அவர் வாய் திறக்கவில்லை.

அந்த ஏட்டின் மேல் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறேன். எங்கள் தரப்பு முதல் சாட்சி நான் என்றுதான் வக்கீல் எழுதினார். அதை அடிக்கச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் குழந்தையின் தாயைப் போடவைத்தேன். சம்மன் அவர் வீட்டுக்குப் போய்விட்டது.